அப்பா அழவில்லை என்று நான் நிரூபித்த நாள்

துக்க வீட்டில் சொல்லக்கூடாதவை என்று எங்கள் பக்கம் ஒரு பட்டியல் உண்டு. கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. யாரும் 'வாங்க' என்று கூப்பிட மாட்டார்கள், நாமும் எதிர்பார்க்கக்கூடாது. செத்தவரின் வயதைக் கேட்டுவிட்டு 'அப்ப பரவால்ல' என்று சொல்லக்கூடாது (சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்). பட்டியல் என்றால் எனக்கு உயிர். இதையும் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அப்படிப்பட்ட நான்தான் அதன் கடைசியில் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டு வந்தேன். இன்றைக்கும் எங்கள் உறவில் எந்த இழவுக்குக் கிளம்பினாலும், காரில் ஏறுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துச் சொல்வார்: "அங்க வந்து மாஸ்க்குப் பேச்சு எடுக்கக் கூடாது, ஆமா."

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, மருத்துவமனைக் கருவிகளை விற்றுப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில், சேலத்தில், சர்வீஸ் இன்ஜினியராக இருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் ஸ்க்ரூ டிரைவர் பை, முகத்தில் எதற்கும் பதறாத ஒரு தோரணை. எந்தப் பிரச்சினையையும் மூன்று காரணங்களாகப் பிரித்துவிட்டால் பாதி தீர்ந்த மாதிரி என்று நம்பிக்கொண்டிருந்தேன். (மீதிப் பாதியைப் பற்றி எந்த செமஸ்டரிலும் சொல்லித்தரவில்லை.)

அப்பா திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரர். போர்வெல் போடும் வண்டியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, வண்டியை விற்றபின் எங்கள் தோட்டத்து வீட்டில் வந்து அடங்கினார். அவர்தான் அடங்கினார், அவருடைய குறட்டை அடங்கவில்லை. தொட்டியில் தண்ணீர் குடிக்க வந்த மாடு திரும்பிப் பார்க்கும். குறட்டைகூடப் பரவாயில்லை. நடுவில் சட்டென்று நின்றுபோகும், அதுதான் பயம். அம்மா எழுந்து உட்கார்ந்து, அவர் மூக்கருகே விரலை வைத்துக் காத்திருப்பாள். பிறகு ஒரு பெரிய இழுப்போடு குறட்டை மறுபடி ஸ்டார்ட் ஆகும். அம்மா படுப்பாள். இப்படியே வருஷக்கணக்கில் தூங்காமல் இருந்தவள் அம்மாதான், ஆனால் நோயாளி என்று பெயர் வாங்கியவர் அப்பா.

சேலத்தில் தூக்கப் பரிசோதனை செய்து பார்த்ததில், தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைபட்டு மூச்சு நின்று நின்று வருகிறது என்று தெரிந்தது. சிபாப் மிஷின் வைக்கச் சொன்னார்கள். மேஜைமேல் வைக்கிற சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு குழாய். குழாயின் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். இரவு முழுக்கக் காற்றை லேசான அழுத்தத்தில் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும், அடைப்பு விழாது. நானே வாங்கி, நானே கொண்டுபோய், நானே மாட்டிவிட்டேன். அப்பா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கடைசியில ரிக்கு கம்ப்ரசர ஊட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டயா சாமி" என்றார்.

குறட்டை அன்றைக்கே நின்றது. நான் மிதந்தேன். இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போனால், அப்பாவின் கண் இரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி இருந்தன. மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்றார். காலையில் இமை பிரிய மாட்டேன் என்கிறதாம், பிரிந்தால் தண்ணீராய்க் கொட்டுகிறதாம்.

காரணம் எனக்கு உடனே தெரிந்தது. மாஸ்க்கின் மேல்விளிம்பு மூக்குத்தண்டில் சரியாகப் படியாவிட்டால் அந்த இடுக்கு வழியாகக் காற்று கசியும். கசிகிற காற்று நேராகக் கண்ணுக்குள் போகும். விடிய விடிய ஃபேன் முன்னால் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் எப்படியோ அப்படி. கண் காய்ந்துபோகும், காய்ந்த கண் எரிச்சலில் கண்ணீரைக் கொட்டும். காரணம் தெரிந்தவள் தீர்வையும் சரியாகச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. நான் கொண்டுவந்தது அவர் முகத்துக்குப் பெரிய அளவு மாஸ்க். அதை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக வாரை இறுக்கினேன். அதற்கு அப்பாவின் முழு ஆதரவும் இருந்தது. ரிக்கில் ஓஸ் லீக் அடித்தால் கிளாம்பை டைட் வைக்க வேண்டும், அதுதானே முறை? முப்பது வருஷ அனுபவமும் நான்கு வருஷப் படிப்பும் சேர்ந்து அந்த வாரை இழுத்தன. ரொம்ப இறுக்கினால் சிலிக்கான் விளிம்பு மடிந்து இன்னும் அதிகமாகக் கசியும் என்று கையேட்டில் படமே போட்டிருக்கிறது. அந்தக் கையேட்டை வாடிக்கையாளர்களுக்கு விளக்குவதுதான் என் வேலை.

இதற்கிடையில் அம்மா தனியாக ஒரு வைத்தியம் நடத்திக்கொண்டிருந்தாள். காற்று மிஷினால் உடம்பு சூடேறிக் கண்ணில் இறங்கிவிட்டது என்பது அவள் முடிவு. தினமும் படுக்கும் முன் அப்பாவின் இமைமேலும் மூக்கைச் சுற்றியும் விளக்கெண்ணெய் வழிய வழியத் தடவிவிட்டாள். எண்ணெய் தடவிய மூக்கில் சிலிக்கான் நிற்குமா? வழுக்கிக்கொண்டு போனது. வழுக்கினால் லீக், லீக் என்றால் கண் சிவப்பு, கண் சிவந்தால் நான் வாரை இறுக்குவேன், அம்மா எண்ணெயைக் கூட்டுவாள். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. யார் பக்கம் பேசினாலும் இன்னொருத்தி வருத்தப்படுவாள் என்று முகத்தை இருவருக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டார். காலையில் பார்த்தால் கன்னத்தில் வார் பதிந்து, தார் உருகிய ரோட்டில் லாரி போன தடம் மாதிரி இருக்கும்.

திருச்செங்கோட்டுக் கண் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "அந்த மாஸ்க்க ஒரு தடவ யார்கிட்டயாவது காட்டுங்கம்மா" என்றார். நான் புன்னகையோடு, அந்த யாரோ நான்தான் என்று தெரிவித்துக்கொண்டு வந்தேன்.

இப்போது பெரியப்பா.

அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். பக்கத்துத் தோட்டம். நடுவில் கம்பி வேலி. வேலி வருவதற்கு முன்னால் இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. ஒரு கோடையில் அப்பா, சொந்த ரிக் சும்மாதானே நிற்கிறது என்று, எங்கள் பக்கம் ஆழமாக ஒரு போர் போட்டார். எங்களுக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அடுத்த மாதம் கிணறு வற்றியது. பெரியப்பாவின் மஞ்சள் பயிர் காய்ந்தது. பேச்சு அதோடு நின்றுபோனது. அதன்பிறகு ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போகவில்லை. அப்பா காலையில் வேலியோரம் நின்று பல் தேய்ப்பார். அந்தப் பக்கம் பெரியப்பா வந்தால் இவர் உள்ளே வந்துவிடுவார். வந்துவிடுவார் என்றாலும், தினமும் அங்கேதான் போய் நிற்பார்.

ஒரு புதன்கிழமை காலை, சேலத்தில் விடுதியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள். பெரியப்பா ஈரோட்டு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், நெஞ்சுவலி, கிளம்பி வா என்றாள். பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது அப்பா வெள்ளை வேட்டி கட்டித் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்கள் நான் அதுவரை பார்க்காத சிவப்பு. இமை வீங்கியிருந்தது. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. வார் தளர்ந்திருக்கும். பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து, அண்ணாந்து காட்டச் சொன்னேன். காட்டினார். விட்டேன். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; "தெரியும்மா, லீக்குதான், சாயந்தரம் பாத்துக்கறேன்" என்று அடக்கிவிட்டேன்.

அப்பா கட்டிலைவிட்டு எழாமலே என்னிடம் சொன்னார்: "ஒரு தோள் குடுக்க உட்டாப் போதும் சாமி. வேற ஒண்ணும் வேண்டாம்."

எங்கள் ஊரில் பாடையைப் பங்காளிகள்தான் தூக்க வேண்டும். கூடப்பிறந்தவர் உயிரோடு இருந்தால் முன்பக்கத் தோள் அவருக்கு. அதைக் கொடுக்காமல் விட்டால் உறவே முடிந்தது என்று ஊருக்கு அறிவித்த மாதிரி. பெரியப்பாவின் ஒரே மகன் கதிர் அண்ணன், சித்தப்பா இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று எப்போதோ நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார். இன்றைக்கு என்ன செய்வார் என்று தெரியவில்லை. வேலியைச் சுற்றிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் நடந்தோம்.

பந்தல் வாசலில் செத்தவர் வீட்டு ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். வருகிற ஆண்கள் கையை நீட்டி அவர்கள் கையைத் தொட்டுவிட்டு உள்ளே போவார்கள். பேச்சு கிடையாது. அப்பா கை நீட்டினார். கதிர் அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தென்னை மரத்தைப் பார்த்தார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்பா அதைக் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு உள்ளே போய் ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் நின்றார்.

நின்றவர் நின்றபடியே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கி, மீசையில் தங்கி, கண்ணாடிமேல் சொட்டியது. துடைக்கவில்லை. வாய்விட்டு ஒரு சத்தமும் இல்லை. பெண்களின் அழுகை மெல்ல அடங்கியது. பெரியம்மா பெட்டியைத் தட்டிச் சொன்னாள்: "ஏனுங்க, உங்க தம்பி வந்திருக்காருங்க. கண்ணத் தொறந்து பாருங்க."

கூட்டத்தில் ஒரு அசைவு வந்தது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கதிர் அண்ணன் வாசலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், "சித்தப்பாவுக்கு ஒரு சேர் போடுங்க" என்றார். கொஞ்சநேரத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் அவரிடம் தோள் விஷயத்தைக் காதோடு கேட்டதும், அவர் தலையாட்டியதும் எனக்கே தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் மட்டும் இல்லையென்றால் சரியாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

எனக்குப் பின்னால் பள்ளிபாளையத்து மாமா உட்கார்ந்திருந்தார். பெரியம்மாவின் தம்பி, தறி வைத்திருப்பவர், கிணறு வற்றிய நாள்முதலாக அப்பாவைக் கண்டால் ஆகாது. பக்கத்திலிருந்தவரிடம் அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்திருக்கான். கண்ணப் பாரு. பொறந்தவன் சாவுக்குக்கூட நெதானத்தோட வர முடியல."

அப்பா குடிப்பதை விட்டுப் பல வருஷம். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஏறினாலும் எனக்கு முகம் மாறாது, குரலும் உயராது. அதுதான் என் துரதிர்ஷ்டம். கத்தியிருந்தால் பாசத்தில் கத்துகிறாள் என்று விட்டிருப்பார்கள். நான் எழுந்து நின்று, கருவியை விற்கும்போது பேசுகிற அதே குரலில், "மூணு விஷயம்ங்க மாமா" என்று ஆரம்பித்தேன். பறையடிப்பவர்கள் அப்போதுதான் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பந்தல் முழுக்கக் கேட்டது.

"ஒண்ணு, அப்பா குடிக்கலீங்க. ரெண்டு, அவருக்குத் தூக்கத்துல மூச்சு அடைக்குதுங்க, அதுக்கு மூக்குல மாஸ்க் வெச்சுத் தூங்கறாரு. மாஸ்க்குல காத்து லீக் ஆகிக் கண்ணுல அடிக்குது. கண்ணு காஞ்சு போச்சுன்னா எரிச்சல்ல தண்ணியாக் கொட்டும். மூணு, டாக்டர்கிட்டக் காட்டி மருந்து விட்டுட்டு இருக்கோம், இதோ பாருங்க."

பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து உயர்த்திக் காட்டினேன். (ஆமாம், உயர்த்தி. எல்லோருக்கும் தெரிய வேண்டுமே.)

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது கதிர் அண்ணன் கேட்டார்.

"அப்ப இது அழுகை இல்லயா?"

அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். கேள்விக்கு நேரான விடை என் கையில் இருக்கும்போது நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

"இல்லீங்கண்ணா. கொஞ்ச நாளாவே காலையில இப்படித்தான் இருக்குது."

பெரியம்மா பெட்டிமேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். கதிர் அண்ணன் அப்பாவிடம் திரும்பினார். "அப்படிங்களா சித்தப்பா?"

அப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மருந்தை உயர்த்திப் பிடித்த கையோடு, கழற்ற மறந்த அடையாள அட்டையோடு, நான் நின்றுகொண்டிருந்தேன்.

"புள்ள சொல்றது செரிதான் சாமி" என்றார். "லீக்குதான்."

"செரி" என்றார் கதிர் அண்ணன்.

பாடை எழும்போது முன்பக்கத் தோள் பள்ளிபாளையத்து மாமாவின் மகனுக்குப் போனது. அவன் பங்காளியே இல்லை. முறைப்படி அவன் தூக்கவே கூடாது. யாரும் எதிர்த்துச் சொல்லவில்லை. அப்பா கூட்டத்தின் கடைசியில், செருப்பில்லாமல், சுடுகாடு வரைக்கும் நடந்தார். நாங்கள் பெண்கள் ஊர் எல்லையோடு நின்றுவிட்டோம். தூசிக்குள் அவர் வெள்ளை வேட்டி மட்டும் தனியாகத் தெரிந்தது.

திரும்பும் வழியில் அம்மா முன்னால் நடந்தாள். நான் என் பக்கத்து நியாயத்தை அடுக்கிக்கொண்டே வந்தேன். குடிகாரன் என்ற பேச்சை அப்படியே விட்டிருக்க முடியுமா? நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? வேலி முனையில் அம்மா நின்றாள்.

"நேத்து அந்த மிஷின உங்கப்பா தொடவே இல்ல புள்ள."

எனக்குப் புரியவில்லை.

"சாயந்தரம் உங்க பெரியப்பாவ கார்ல ஏத்துனத வேலிகிட்ட நின்னு பாத்தாரு. அப்பறம் கட்டலத் தூக்கியாந்து இங்கயே போட்டுக்கிட்டு உக்காந்தவருதான். படுக்கவே இல்ல. கார் திரும்பி வருதா வருதான்னு ரோட்டையே பாத்துக்கிட்டு, சின்னப் புள்ளையாட்ட அழுதாரு. காலையில சொல்ல வந்தேன். நீ எனக்கே பாடம் எடுத்துட்ட."

வேலியோரத்துப் புல் ஒரு கட்டில் அகலத்துக்கு நசுங்கிக் கிடந்தது.

"அப்பறம் எதுக்கு ஆமான்னு சொன்னாரு?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் அம்மா சொன்னாள்.

"அத்தன சனத்துக்கு முன்னால இல்லேன்னு சொன்னா, நீ பொய் சொன்ன மாதிரி ஆயிருமல்ல."

ஒரு தவறு நடந்தால் திருத்த அறிக்கை கொடுப்பது எங்கள் தொழில் வழக்கம். கருமாதி அன்று கதிர் அண்ணனைத் தனியாகப் பிடித்து, நான் சொன்னது தப்பு, அப்பா அன்றைக்கு மாஸ்க் போடவே இல்லை, அது அழுகைதான் என்று சொன்னேன். இந்த முறை எண் போட்டுச் சொல்லவில்லை. மொட்டையடித்த தலையைத் தடவிக்கொண்டே அவர் கேட்டார். கடைசியில், "இப்பச் சொல்லி என்ன பண்றது புள்ள? தூக்கியாச்சே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப்பிறகு நான் செய்தவை எல்லாம் முதல் நாளே செய்திருக்க வேண்டியவை. அப்பாவைப் படுக்கவைத்து, மிஷினை ஓடவிட்டு, நாலு மாஸ்க் மாட்டிப் பார்த்து, சின்ன அளவு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வாரில் இரண்டு விரல் நுழையும்படி தளர்த்தினேன். விளக்கெண்ணெய் முகத்தைவிட்டு உள்ளங்காலுக்கு மாறியது (அம்மாவுக்கும் ஒரு கௌரவம் உண்டே). ஒரு மாதத்தில் அப்பாவின் கண் வெளுத்தது. இப்போது ஒரு துளிக் காற்றுகூட மேலே போவதில்லை; கையை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

கதை மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. வெங்காயம் உரித்து அம்மா கண்ணைக் கசக்கினால், சித்திகள் என்னைக் கூப்பிட்டு 'இது எந்த வகை, சொல்லு' என்பார்கள். என் கல்யாணப் பேச்சில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் இதைக் கேள்விப்பட்டு, பொண்ணு ரொம்ப வெவரமாமே என்று இழுத்து, அப்படியே காணாமல் போனார்கள். கதிர் அண்ணன் தன் மகள் காதுகுத்துக்கு எங்களுக்கும் பத்திரிகை வைத்தார். குழந்தை வீறிட்டபோது மடியில் வைத்திருந்த அவருக்கே கண் கலங்கியது. பந்தலில் யாரோ என்னைத் திரும்பிப் பார்க்க, "அவள கேக்காதீங்கப்பா" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவரை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். ஆனால் தோள் என்பது ஒருமுறைதான் கிடைக்கும். அதை யாரும் பேசவில்லை.

போன வருஷம் எனக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்தது. ஈரோட்டில் ரயில். திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் அப்பா பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, ஜன்னலோரம் வந்து நின்றார். தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, போன் சார்ஜ் இருக்கிறதா என்று கேட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். துண்டை எடுத்து ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கண்ணைத் துடைப்பதற்குள், நான் எதுவும் கேட்காமலே சொன்னார்.

"லீக்குதான் சாமி. நீ உள்ள உக்காரு."